மூப்பராகப் போகிறவரின் பிள்ளை வளர்ப்பு

நெதர்லாந்தின் ஃபெலுவே பகுதியில், ஒரு கிராமத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்த எவர்ட்டுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, திருச்சபையில் மூப்பராவது. பிள்ளைகளை அடக்கி வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பதவி என்பது ஊர் வழக்கம். அதனால் பிள்ளைகளையும் டைல்ஸ் மாதிரியே பதித்தார். எது கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாலும் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு.

சாப்பாட்டு மேசையில் வேதம் வாசித்து மூடியதும், "கடைசிச் சொல் என்ன?" என்று கேட்பார். பதினேழு வயது மகள் அலெய்டா ஒருநாளும் தவறவிட்டதில்லை. அந்த ஒரு சொல்லைத் தவிர அவள் எதையும் கேட்பதில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஊர்ப் பெற்றோர் வேறு அவரிடம் யோசனை கேட்டு வந்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் மூப்பர் தேர்தலுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. தேர்தலுக்கு முன்பே மூப்பர்கள் வருடாந்திர வீட்டுச் சந்திப்புக்கு வருவார்கள். பிள்ளைகளின் விசுவாசத்தை விசாரிப்பார்கள். எவர்ட் மூன்று நாள் ஒத்திகை நடத்தினார்.

"தனியா ஜெபிக்கிறியான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"'குறையோடதான், ஆனாலும் ஏங்குறேன்'."

"ஏங்குறேன்னு சொல்றப்ப தலையைக் குனி. ரொம்பக் குனியாத, வேஷம்னு நெனைப்பாங்க."

செவ்வாய்க்கிழமை கெய்ஸ்பெர்ட் என்ற கிழட்டு மூப்பரும், வாயே திறக்காத இன்னொருவரும் வந்தார்கள். காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட்.

"தனியா ஜெபிக்கிறியாம்மா?" என்றார் கெய்ஸ்பெர்ட்.

"எப்பவாவது."

"கடைசியா என்ன கேட்ட?"

"அப்பா மூப்பராகக் கூடாதுன்னு. ஆயிட்டார்னா ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்தையும் என்னை மாதிரி ஒப்பிக்க வைப்பார்."

"வெளையாட்டுக்குச் சொல்றா," என்றார் எவர்ட். காது மடல் சிவந்துவிட்டது.

"இல்லைப்பா. நெஜமாத்தான் கேட்டேன்."

கெய்ஸ்பெர்ட் கோப்பையைக் கீழே வைத்தார். "இந்த வருஷம் பதினோரு வீடு போயிட்டேன். ஏங்குறேன், ஏங்குறேன்னு கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இவ ஒருத்திதான் பேசியிருக்கா. நீ என்னப்பா சொல்ற, எவர்ட்?"

அலெய்டா அப்பாவையே பார்த்தாள். அவர் கோபப்பட்டிருக்கலாம், வெட்கப்பட்டிருக்கலாம். எதுவானாலும் அது அவருடையதாக இருந்திருக்கும். அவர் கெய்ஸ்பெர்ட்டின் முகத்தைத்தான் அளந்தார். வாங்க வந்தவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கடையில் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"மனசுல உள்ளதை அப்படியே சொல்லணும்னுதான் நான் பழக்கியிருக்கேன்," என்றார், தலையைச் சரியான அளவுக்குக் குனிந்து.

வாய் திறக்காதவர் ஊரெல்லாம் வாய் திறந்தார். எவர்ட் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

மாதம் ஒன்று ஆவதற்குள் சபைக் கூடத்தில் பெற்றோருக்கு உரை. பிள்ளைகளை மனம்விட்டுப் பேச வைப்பது எப்படி என்பது தலைப்பு. அலெய்டா பின்னால் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குடுத்து வெச்சவ நீ," என்றாள் ஒரு தாய். "அப்பாகிட்ட எதை வேணா பேசலாம் இல்ல?"

"பேசலாம்," என்றாள் அலெய்டா. "பேசி முடிச்சதும் அது அவரோடதாயிடும். பால் ஊத்தட்டுமா?"