இலுப்பை மரத்து ஒலிபெருக்கி

சாலவாக்கம் ஏரிக்கரை. மார்கழிப் பனியில் விரல்கள் மரத்துப்போக, இலுப்பை மரத்தடியில் நிற்கிறேன். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும் மஞ்சள் நிற மாங்குயிலைத் தேடி முதல் பஸ்ஸில் வந்திருக்கிறேன். மேலே மெல்லிய சீட்டி கேட்கிறது. அண்ணாந்து பார்ப்பதற்குள், அதே மரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி பக்திப்பாட்டை அலறுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்துக் கோயில் வாசலில் மைக்செட்காரர் ரெக்கார்ட் பிளேயரும் பாட்டரியுமாக உட்கார்ந்திருக்கிறார்.

"நிறுத்தய்யா! ஒரு குருவிச் சத்தம் கேட்க முடியலை!"

"இன்னா சார், காலங்காத்தால கோச்சிக்கினு வர்றீங்க? மார்கழில பாட்டு போடலைன்னா பக்கத்து ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா?"

"அவன் சிரிப்பான்னு இந்த ஊரையே செவிடாக்குவியா?"

அவர் ஊசியைத் தூக்குகிறார். சட்டென்று அமைதி. மரத்தில் அந்தச் சீட்டி மறுபடியும் கேட்கிறது. நான் திரும்புகிறேன்.

"குருவிச் சத்தம்தானே சார் வேணும்? நம்மகிட்டயே கீது."

வேண்டாமென்று நான் சொல்வதற்குள் வேறு ரெக்கார்டைத் துடைத்து வைத்துவிடுகிறார். எவனோ சீட்டியடித்துச் செய்த குயில் ஏரி முழுக்கக் கூவுகிறது. இலுப்பையிலிருந்து மஞ்சளாக ஒன்று எழும்பி, ஏரியைத் தாண்டிப் போயே போய்விடுகிறது.

"நல்லா கேக்குதா சார்?" என்கிறார், சத்தத்தை இன்னும் கூட்டிக்கொண்டே.