சாப்பிட்டியா என்று கேட்ட கருவி

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா காலை ஏழு மணிக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டால், மாலை ஐந்து மணி வரை தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் நான் மட்டும்தான். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கோட் எழுதும் வேலை. கொடுத்து வைத்தவள் என்று லயமே சொல்கிறது. பகல் முழுக்க வாயைத் திறக்காமல் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு அப்படிச் சொல்லட்டும்.

எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை எங்கள் குழுவில் மூத்தவரான ஓர் அக்கா. கொழும்பில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். நேரில் பார்த்தது இரண்டே தடவை. குழுவில் தமிழர் நாங்கள் இருவர்தான் என்பதால் எனக்கு மட்டும் தமிழில் எழுதுவார். கோடில் நான் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அவர் படித்துச் சரி என்ற பிறகுதான் அது கம்பனியின் மென்பொருளுக்குள் போகும். அவ்வளவு லேசில் சரி என்றுவிட மாட்டார். "இது ரொம்ப நீளம். மூணாப் பிரி" என்பார். "இப்புடிப் பேரு வச்சா ஆறு மாசத்துல ஒனக்கே வெளங்காது" என்பார். பகலில் அனுப்பியிருந்தால் குறிப்பின் கடைசியில், "சாப்பிட்டியா?" என்று இருக்கும். அதை எதிர்பார்த்தே மதியத்துக்கு முன்பாக அனுப்புவேன். அவர் இன்னும் இரண்டு வரி கூடுதலாக எழுதட்டும் என்று வேண்டுமென்றே சில பிழைகளை விட்டும் வைத்திருக்கிறேன்.

பிறகு ஏஐ ஏஜென்ட்கள் வந்தன. நாங்கள் ஒரு வாரம் எழுதுவதை அவை ஒரு காலைப்பொழுதில் எழுதிக் குவித்தன. அத்தனையையும் படிக்க அக்காவுக்கு எத்தனை கண் இருக்கிறது? ஏஜென்ட் ஒரு மாற்றத்தை முன்வைத்ததும் அதன் தரத்தைச் சோதித்து, குறையைச் சொல்லித் திருப்பி அனுப்பும் கருவி ஒன்றைச் செய்யும்படி மேலாளர் என்னிடம் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். "ஏஜென்டா? எந்த நாட்டுக்கு ஆள் எடுக்குறாங்க?" என்றார். கொழுந்து நிறுக்கும்போது முத்தல் இலையைப் பொறுக்கி எறிவார்களே, அதே வேலையை ஒரு மெசின் எழுதுவதற்கு இன்னொரு மெசின் செய்யப்போகிறது என்று விளக்கினேன். "அப்ப ஒனக்கு அங்க என்னா வேல?" என்று கேட்டுவிட்டு அம்மா முகம் கழுவப் போனார்.

கருவிக்கான விதிகளை நான் யோசித்து எழுதவில்லை. அக்கா எனக்கு எழுதிய குறிப்புகளையெல்லாம் தேடி எடுத்து அப்படியே போட்டேன். ஏஜென்ட்களுக்கு எந்த மொழியும் ஒன்றுதான் என்பதால் தமிழிலேயே விட்டுவிட்டேன். "செய், செய். எனக்கும் கண்ணு வலிக்குது" என்றார் அக்கா. விடுபட்டதையும் அவரே சொல்லித் தந்தார்.

முதல் நாள் ஒரு ஏஜென்ட் கொண்டுவந்த மாற்றத்தைக் கருவி திருப்பி அனுப்பியது: "இது ரொம்ப நீளம். மூணாப் பிரி. சாப்பிட்டியா?" குறிப்பை முழுசாக ஒட்டிய என் அவசரம். ஏஜென்ட் பணிவாகப் பதில் எழுதியது: "மூன்றாகப் பிரித்துவிட்டேன். நான் உணவு உண்பதில்லை. கேட்டதற்கு நன்றி." அக்காவுக்கு அனுப்பினேன். சிரித்துச் சிரித்துக் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். "பாத்தியா, அதுவாச்சும் மரியாதையா பதில் சொல்லுது. நீ நாலு தடவ கேட்டாதான் சொல்லுவ."

கருவி நன்றாகவே வேலை செய்தது. நீளத்தைக் குறைக்கச் சொன்னால், ஏஜென்ட் ஒரே வேலையைப் பன்னிரண்டு துண்டாக நறுக்கி வாய்க்கு வந்த பேர் வைத்து ஏமாற்றப் பார்க்கும். பேர் பற்றிய அக்காவின் குறிப்பு அதையும் பிடித்துவிடும். இரண்டு மாதம் கழித்து, மாற்றங்களைப் படித்து ரிவியூ பார்க்க இனித் தனியாக ஆள் தேவையில்லை என்று கம்பனி அக்காவை அனுப்பிவிட்டது. கடைசி நாளில் அவரே கோல் எடுத்துப் பேசினார். "நீ என்னா செய்வ, விடு" என்றார். நான்தான் செய்தேன். அதற்குப் பிறகு அவரோடு பேச எனக்கு முகமில்லை. எண் கைபேசியில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

கருவியின் அந்தக் கேள்வியை மட்டும் நான் எடுக்கவில்லை. மதியம் தட்டோடு உட்கார்ந்து, அது ஏஜென்ட்களை விசாரிப்பதைப் படித்துக்கொண்டே சாப்பிடுவேன். எனக்கு வரும் கேள்வி இல்லை என்று தெரியும். இருந்தாலும் படிப்பேன்.

மேலாளர் சிங்களவர். போன வாரம் ஒரு காலையில், அந்தக் கடைசிச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, தேவையில்லாததுதானே, எடுத்துவிடுங்கள் என்றார். நல்ல மனிதர். அவரிடம் என்ன காரணத்தைச் சொல்வது?

ஒரே ஒரு சொல்லை நீக்கி மாற்றத்தை முன்வைத்தேன். மனிதர் செய்யும் மாற்றமும் அந்த வாரத்திலிருந்து கருவியைத் தாண்டித்தான் போகவேண்டும். ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பி, கடைசியாக ஒரு தடவை என்னையும் அப்படிக் கேட்காதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறை ஏதும் இல்லை என்று சொல்லி உள்ளே விட்டுவிட்டது. மணி பன்னிரண்டரை. நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.