சம்பந்தி வீட்டு வால்நட்

கொதிக்கிற தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறியதும், யோங்னான் வால்நட் பருப்புகளைச் சல்லடையில் கொட்டிக் குழாயடியில் அலசுகிறாள். அலசல் என்றால் அப்படியொரு அலசல். வடிகிற தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும் வரை விடமாட்டாள். "கசப்பு மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். விட்டா பாகையும் கெடுத்துட்டு நம்ம பேரையும் கெடுத்துரும்" என்பாள். பிறகு பழைய துண்டை விரித்து, ஒவ்வொரு பருப்பையும் குப்புறக் கிடத்தி ஒற்றி எடுப்பாள். குளித்து வந்த குழந்தைக்குக் காது துடைத்துவிடுகிற அதே பதம், அதே பொறுமை.

கொரியாவின் சொனான் ஊரில் சலவைக் கடையொன்றின் மூலையில் தையல் எந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். கால்சட்டைகளைக் குட்டையாக்குவதும், பெருத்துப்போன இடுப்புகளுக்கு இடம் விடுவதும் வேலை. கீழுதட்டில் எப்போதும் ஒரு நூல்துண்டு ஒட்டியிருக்கும், பேசினாலும் விழாது. ஆனால் புத்தாண்டுப் பண்டிகை நெருங்கிவிட்டால் அவளைத் தையல்காரி என்று யாரும் நினைப்பதில்லை. அடுக்குமாடியில் இருக்கிற பெண்கள் எல்லாரும் உடைத்த வால்நட்டைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, "சேபோம் அம்மா, படையலுக்கு வேணும்" என்று மகள் பெயரைச் சொல்லி அவள் கதவைத் தட்டுவார்கள். குவாங்தோக் மலையடிவாரத்தில் வால்நட்டுக்குப் பஞ்சமில்லை. பாகு வைக்கிற கைக்குத்தான் பஞ்சம்.

சர்க்கரை, அரிசிப் பாகு, இஞ்சிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, பட்டைத் தூள். கடைசியில் அவளுடைய சொந்தக் கைவரிசையாக, பச்சைப் பிளம் பழத்தைச் சர்க்கரையில் ஊறப்போட்டு இறக்கிய சாறு ஒரு கரண்டி. திகட்டாமல் இருக்க அதுதான் என்று சத்தியம் செய்வாள். பாகு கொதிக்கும்போது கரண்டி போட்டுக் கிளறமாட்டாள். தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். பெரிய கொப்புளங்கள் சிறிதாகி, சத்தம் தடித்ததும் பருப்பைப் போடுவாள். பாகு பூசிய பருப்பை எண்ணெயில் விட்டு, தேன் நிறம் தாண்டுகிற நொடியில் அள்ளித் தட்டில் பரப்பி, எள்ளைத் தூவி, குச்சிகளால் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைப்பாள். "ஒட்டிக்கிட்டுக் கெடந்தா அது குடும்பம். பிரிஞ்சு கெடந்தாத்தான் பலகாரம்."

ஆனால் பேச்சில் மட்டும் அவளிடமிருந்து ஒரு தெளிவும் கிடைக்காது. அந்தப் பக்கத்து மனிதர்களே அப்படித்தான். ஆமாம் என்பதையும் இல்லை என்பதையும் ஒரே முகத்தோடு சொல்வார்கள். யோங்னான் இன்னும் ஒரு படி மேல். "அதுக்கென்ன இப்போ..." என்று இழுப்பாள். கடைக்காரர் விடுமுறை வேண்டுமா என்று கேட்டாலும் அதே பதில், மழை வருமா என்று கேட்டாலும் அதே பதில். மகள் சேபோம், பூசானிலிருந்து வந்த கியுசாங் என்ற பையனைக் காட்டி, "இவரைக் கட்டிக்கட்டுமாம்மா?" என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். அது சம்மதமா இல்லையா என்று புரியாமல் அந்தப் பையன் ஊர் போய்ச் சேரும் வரை குழம்பிக்கொண்டிருந்தானாம்.

சம்மதம்தான். அதில் சந்தேகமில்லை. கணவன் போன பிறகு தையல் எந்திரத்தை மிதித்து மிதித்து அவள் ஆளாக்கிய ஒரே பெண். பூசானுக்குப் போய் வாழப் போகிறாள். போகட்டும், நன்றாக வாழட்டும். அதற்காகத்தான் யோங்னான் தன் நெஞ்சுக்குள் ஒரு பொய்யைப் பூட்டி வைத்திருந்தாள்.

போன குளிர்காலத்துக் காய்ச்சல் போகும்போது அவளுடைய மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பட்டை மணக்கவில்லை. இஞ்சி மணக்கவில்லை. வாயில் எதைப் போட்டாலும் மெழுகை மெல்லுவதுபோல் இருந்தது. இனிப்பு மட்டும், யாரோ எங்கோ வைத்த வானொலிபோல், மிக மெல்லத் தொலைவில் கேட்டது. வந்துவிடும், வந்துவிடும் என்று இருந்தாள். வரவில்லை. ஒருநாள் அடுப்பில் வைத்த சூப்பு அடிப்பிடித்துக் கரிந்ததே, புகை கண்ணைக் கரித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் பயந்தது நெருப்புக்கல்ல. எரிவாயு கசிந்தாலும் தெரியாத ஒருத்தியைத் தனியாக விட்டுவிட்டு இந்தப் பெண் பூசானுக்குப் போவாளா? போகமாட்டாள். கல்யாணத்தையே தள்ளிப் போட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாள். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அதனால் பாகை இறக்கியதும் கீழ்த்தளத்தில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கும் தால்லே அக்காவைக் கூப்பிடுவது வழக்கமானது. அக்கா வாயில் ஒரு பருப்பைப் போட்டுவிட்டு, அவள் புருவத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள் யோங்னான்.

"என்னடி, சாமி பார்க்கிற மாதிரி பார்க்கிறே? பட்டை தூக்கலா இருக்கு. உனக்குத் தெரியலையா?"

"தெரியாம என்னக்கா. உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

"தலைக்குச் சாயம் போட வந்தவளை அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன். இன்னும் ரெண்டு குடு, நல்லாத் தெரியும்."

இப்படி, அடுத்தவள் நாக்கை இரவல் வாங்கியே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இரு வீட்டுப் பெரியவர்களும் உணவகத்தில் சந்தித்துப் பேசி முடித்த பிறகு, சம்பந்தி வீட்டுக்கு முதல் மரியாதையாக வால்நட் அனுப்புவது என்று முடிவானது. அன்றைக்குப் பார்த்துத் தால்லே அக்கா ஊரில் இல்லை. யோங்னான் தனியாகத்தான் கிண்டினாள். நிறம் அப்படி வந்தது, அம்பர் மணி மாதிரி! மூடியுள்ள மரப்பெட்டியில் அடுக்கி, இளஞ்சிவப்புப் பட்டுத் துணியில் முடிந்து வைத்தாள். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்த சேபோம் வாசலிலேயே நின்று, "என்னம்மா, மீன் வறுத்தியா?" என்றாள்.

"கீழ் வீட்டுல வறுத்திருப்பாங்க" என்றாள் யோங்னான், ஜன்னலை அகலத் திறந்துகொண்டே.

அடுத்த வாரம் கியுசாங்கின் காரில் பெட்டி திரும்பி வந்தது. பெட்டி வெறுமனே வராது என்று அவளுக்குத் தெரியும். கடற்பாசியோ, உலர்ந்த நெத்திலியோ, பேரிக்காயோ இருக்கும் என்று நினைத்திருந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். மூடியைத் தூக்கினாள்.

உள்ளே வால்நட்.

பாகு பூசி, எள் தூவி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கிய வால்நட்! யோங்னானின் கை அப்படியே மூடியோடு நின்றுவிட்டது. இது அவள் அனுப்பியதேயா? தொடாமலே திருப்பிவிட்டார்களா? அனுப்பிய பலகாரத்தை அப்படியே திருப்புவது என்றால், உங்கள் பெண் வேண்டாம் என்று முகத்தில் அடித்துச் சொல்வதல்லவா? அப்படியென்றால் மாப்பிள்ளை ஏன் கீழே காரில் காத்திருக்கிறான்? இன்றைக்கு இருவரும் பூசானுக்குப் போய்க் குடியிருக்க வீடு பார்த்து ஒப்பந்தம் போடப் போகிறார்களே, அது எப்படி?

ஒருவேளை அவர்களே செய்ததா? ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மெழுகு. இன்னொன்று. மெழுகு. தன் கையால் செய்ததா, அடுத்தவள் கையால் செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத வாயை வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியின் முன்னால் அவள் திருதிருவென்று விழித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் சேபோம். கோட்டுப் போட்டுக் கிளம்பி நின்றவள், வாசலுக்குப் போகாமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை கேட்டுச் சொல்லச் சொன்னாங்க."

"அதுக்கென்ன இப்போ..."

"நல்லாருக்கா, நல்லால்லையா?"

கைப்பேசி அடித்தது. சம்பந்தியம்மாள்தான். பூசான்காரர்களுக்குப் பொறுமை கிடையாது.

"ஏ சம்பந்தி, நான்தேன்! தின்னு பாத்தீகளா?"

"பார்த்தேனுங்க. நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான்னா என்ன அர்த்தம்? உங்க ஊர்ப் பேச்சே எனக்குப் புரிய மாட்டேங்குது. உடைச்சுச் சொல்லுங்க. மீன்சாறு சரியா இருக்கா, தூக்கலாப் போச்சா?"

"மீன்சாறா?"

"ஆமா! நீங்க அனுப்பினதை மொதல்ல வாயில போட்டப்ப எனக்குக் கிறுகிறுத்துப் போச்சு. வால்நட்ல நெத்திலிச் சாறு! கடக்கரைக்காரங்கன்னு நம்மளைக் குத்திக் காட்டுறாகளோன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அவரு பேசாம இன்னொண்ணை எடுத்துத் தின்னாரு. 'அது அவுக வீட்டுப் பழக்கமா இருக்கும், வாயை மூடிக்கிட்டுத் தின்னு'ன்னாரு. அப்பறந்தேன் எனக்கு ஒறைச்சுது. வர்ற பொண்ணுக்கு அவ அம்மா வீட்டு ருசி இங்கயும் கெடைக்கணுமில்ல? பாகைக் கருக்கிக் கருக்கி, ஒருவழியாப் படிச்சுப்புட்டேன். அதேன் கேக்குறேன், அளவு சரியா?"

யோங்னானுக்கு ஒன்றும் ஓடவில்லை. மீன்சாறு எங்கிருந்து வந்தது? யார் ஊற்றினார்கள்? நினைவில் துழாவினாள். பால்கனியில் வரிசையாக நிற்கும் பழைய தண்ணீர்ப் புட்டிகள் கண் முன்னால் வந்தன. பிளம் சாறும் புட்டியில்தான், சமையலுக்கு நெத்திலியை உப்பில் ஊறவைத்து இறக்கிய சாறும் புட்டியில்தான். இரண்டும் ஒரே பழுப்பு. எந்த வீட்டிலும் அதற்குச் சீட்டு ஒட்டுவதில்லை. மூடியைத் திறந்தால் மூக்கு சொல்லிவிடும்.

அவள் நிமிர்வதற்குள் சேபோம் பால்கனிக்குப் போய்த் திரும்பியிருந்தாள். மூடி திறந்த ஒரு புட்டியை அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது என்னம்மா?"

யோங்னான் பார்த்தாள். மகளின் முகத்தில் விடை இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

"பிளம் சாறு."

சேபோம் புட்டியைக் கீழே வைத்தாள். "வாசப்படி வரைக்கும் நாறுதும்மா" என்றாள்.

"ஹலோ? சம்பந்தி? லைன்ல இருக்கீகளா?"

பூட்டி வைத்த பொய் இவ்வளவு சுலபமாகத் திறந்துகொள்ளும் என்று யோங்னான் நினைத்ததே இல்லை. குரல் மட்டும் எப்போதும்போல் மெதுவாகத்தான் வந்தது. "இருக்கேனுங்க. எனக்கு மூக்கு போயிருச்சுங்க சம்பந்தி. போன குளிருக்கு வந்த காய்ச்சல்ல. அது பழக்கமெல்லாம் இல்லீங்க. தெரியாம ஊத்திட்டேன்."

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். நல்ல குடும்பமா என்று பார்த்துத்தானே பெண் எடுக்கிறார்கள்? மறைத்தவள் என்று சொல்வார்களோ? நோயாளி என்பார்களோ?

"அட பாவி மனுசி!" என்றது பூசான் குரல். "நாங்க இங்க பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்து, எங்க சம்பந்தி வீட்டு வழக்கம்னு பெருமை பீத்திக்கிட்டிருக்கோமே! மூணாவது மாடிக்காரி வேற செய்முறை கேக்குறா. இப்ப நான் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?" பிறகு குரல் இறங்கியது. "டாக்டர்கிட்ட காட்டுனீகளா?"

"அதுக்கென்ன..."

"வேணாம், அதை மட்டும் சொல்லாதீக! ஆமாவா, இல்லையா?"

"இல்லீங்க."

"சரி. மொதல்ல பொண்ணைக் கெளப்பி விடுங்க. வீட்டு ஓனரு இங்க காத்திருக்கான். மத்ததைப் பெறகு பேசுவோம்."

கைப்பேசியை வைத்ததும் சேபோம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "நான் போகல."

"கியுசாங் கீழ நிக்குறான்."

"நிக்கட்டும். கேஸ் திறந்து கெடந்தா உனக்குத் தெரியுமா? சோறு ஊசிப் போனாத் தெரியுமா? இத்தனை நாளா எங்கிட்ட நடிச்சிருக்கே. நான் பூசான்ல உட்கார்ந்துக்கிட்டு ஒவ்வொரு ராத்திரியும் எப்படித் தூங்குறது, சொல்லு! வீட்டு ஒப்பந்தமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"பைத்தியக்காரி. அவங்க எம் மூக்கையா கட்டிக்கப் போறாங்க, உன்னைத்தானே?"

"சிரிப்பு காட்டாதேம்மா!"

"உனக்காக அந்த அம்மா மீன்சாறு ஊத்தி வால்நட் கிண்டியிருக்காளேடி. அப்படியொரு வீடு யாருக்குக் கிடைக்கும்?"

"அப்போ நீ? உனக்கு யாரு?"

யோங்னான் பெட்டியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். கீழே கார் ஒருமுறை மெல்ல ஒலித்து அடங்கியது. சேபோம் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணீரைத் துடைக்காமல் நின்றாள்.

யோங்னான் நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்தாள். உதறினாள். மகளின் கட்டிய கைகளைப் பிரித்து ஒன்றை நுழைத்தாள், பிறகு மற்றொன்றை. சேபோம் முரண்டு பிடிக்கவில்லை. யோங்னான் அவள் முன்னால் குனிந்து, கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, கழுத்துப் பொத்தானையும் மாட்டினாள். காலரைச் சரிசெய்தாள். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியாததுபோல, அவளுடைய விரல்கள் கழுத்துப் பொத்தானிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கின.