முக்கால் வேகத்துக்கு மேல் போகாத மோட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு புல்வெட்டும் மெஷினிடம் தோற்றுப்போனேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டார் கண்ணில் படும்படி வேலியோரம் நின்று, கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்து அதை உயிர்ப்பித்தது வரைக்கும் எல்லாம் கௌரவமாகவே நடந்தது. முழு வேகத்துக்கு முடுக்கியதும் அது நீளமாக மூச்சு விட்டது, குரல் கம்மியது, அப்படியே அமுங்கியது. விசையைத் தளர்த்தினால் மறுபடி கலகலவென்று பேசியது. முடுக்கினால் அமுங்கியது. நாலு தடவை பார்த்துவிட்டு அதைக் கொண்டுபோய்க் கொட்டிலில் சாத்தினேன்.

"புல்லு கொஞ்சம் வளந்திருந்தாத்தான் மழைக்கு மண்ணு கரையாது," என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கொட்டிலைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

ஒரு மெஷின் பழுதானதற்கு இவ்வளவு வெட்கமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த நோய் எனக்குப் பழைய அறிமுகம் என்பதுதான் விஷயம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு தோட்டத்து ஜனம் என்னை மோட்டார் நிபுணன் என்று நம்பியிருந்தது. அதிலும் பெரிய கோளாறு, நானும் நம்பியிருந்தேன்.

கையில் ஒட்டிய பெற்றோலும் எண்ணெயும் சோப்புக்குப் போகவில்லை. அன்று மத்தியானம் சோற்றைப் பிசையும்போதெல்லாம் அந்த வாசம் மூக்கில் ஏறியது. அதோடு, வீட்டில் இல்லாத வேறு இரண்டு வாசங்களும் வந்தன: புளித்த ரப்பர் பால், புகைக்கூடத்தில் தொங்கும் ரப்பர் ஷீட். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று வராது. தேயிலைக்காரர்களுக்கு இது விளங்காது. அவர்களுடைய வாசத்தை உலகமே காசு கொடுத்துக் குடிக்கிறது. எங்கள் வாசத்துக்கு பஸ்ஸில் பக்கத்து ஸீட் காலியாகும்.

யட்டியாந்தோட்டைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் அப்போது சின்னக் கிளாக்கர், ஆபீசில் கணக்கெழுதுகிறவன். பெரிய கிளாக்கர் ஒருவர் இருந்தார், அவர் தன் சர்க்கரை வியாதியைத் தவிர எதிலும் கவனம் செலுத்துவதில்லை. தோட்டத்தை ஓர் ஆறு இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. அக்கரையில் கீழ்ப்பிரிவு: தொழிலாளர் குடியிருக்கும் நாலு லயம், ஒரு கோவில். இக்கரையில் ஆபீஸ், ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகை, பள்ளிக்கூடம், கடைத்தெருவுக்குப் போகும் ரோடு, சுருக்கமாகச் சொன்னால் மற்ற எல்லாமே. நடுவில் ஒரு தொங்குபாலம் இருந்தது. ஒரு வைகாசி வெள்ளம் அதை இரண்டு கரையிலும் கழற்றிக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு கீழ்ப்பிரிவு ஜனம் இரும்புப் பாலம் வரைக்கும் நடந்து, ஐந்து மைல் சுற்றித்தான் இந்தப் பக்கம் வர வேண்டியிருந்தது. தலையில் பால் வாளியோடு ஐந்து மைல் நடந்தால் பால் வாளியிலேயே உறைந்துவிடும்.

அப்போதுதான் நிவாரணச் சங்கம் ஒன்று எங்களுக்கு ஒரு ஃபைபர் படகையும், பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டார் ஒன்றையும் கொடுத்தது. தோட்டத்தில் அதற்கு 'போட்' என்றே பெயர். கொடுத்தார்கள் என்று சொல்வதும் முழுதாகச் சரியில்லை. இரண்டு மாதம் பரீட்சார்த்தமாக. இரண்டாம் மாத முடிவில் சங்கத்து அதிகாரி வந்து பார்ப்பார். மோட்டாரை ஒழுங்காக வைத்திருந்தால் எங்களுக்கு. இல்லாவிட்டால், படகோடு சேர்த்துக் கீழே மணல் அள்ளும் கிராமத்துக்கு. அவர்களும் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள், எங்களுடையதைவிட நல்ல சிங்களத்தில்.

பெட்டிக்குள் ஒரு கைப்புத்தகம் இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தபடியால் மோட்டார் என் பொறுப்பானது. இந்தத் தர்க்கம் தோட்டத்தில் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. மருந்துச் சிட்டையை வாசிக்கிறவன் வைத்தியமும் பார்ப்பான்தானே.

முதல் நாள் ஒரு சின்னக் குறை தெரிந்தது. பெற்றோல் தாங்கியிலிருந்து குழாய் புறப்படும் மூட்டில் வாசர் வளையம் நைந்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. புது வாசர் வேண்டுமென்றால் கொழும்புக்கு எழுத வேண்டும். நான் எழுதவில்லை. புகைக்கூடத்துக்குப் போய், நல்ல பழுப்பு நிறத்தில் காய்ந்து தொங்கிய ஷீட் ஒன்றின் ஓரத்தை ஆபீஸ் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு மாட்டினேன். கசிவு நின்றது. மெஷின் அறையில் ரோலர் சுற்றும் செல்வராஜ் கை தட்டினார்.

"லோகத்துக்கே டயருக்கு ரப்பர் குடுக்குறோம், ஒரு வாசருக்கு கொழும்புக்கு எழுதுறதா? கிளாக்கரய்யா மூளையே மூளைங்க!"

என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பாராட்டியது அதற்கு முன்னால் கிடையாது, பின்னாலும் கிடையாது.

ஒரு வாரம் போட் நன்றாக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது நோய். முதல் இழுப்பிலேயே பிடிக்கும். சும்மா நிற்கும்போது பூனை மாதிரி உறுமும். பாதி வேகத்தில் ஒரு குறையும் இல்லை. முழு வேகம் கொடுத்தால் ஒரு மூச்சு, ஒரு விக்கல், அமுக்கம். பாதி வேகத்தை அந்த ஆறு மதிக்காது. நடு ஆற்றில் நீரோட்டம் படகை நைசாகத் திருப்பி, மணல் கிராமத்துப் பக்கமாகக் கொண்டுபோகப் பார்க்கும். அது இப்போதே அவர்களுக்குப் போய்ச் சேர ஆசைப்படுகிறதோ என்று எனக்கே சந்தேகம்.

கைப்புத்தகத்தைப் பிரித்தேன். இந்த நோய்க்கு அதில் ஒரு பெயர் போட்டிருந்தது. அகராதியில் பார்த்தேன், 'சதுப்பு நிலம்' என்றிருந்தது. அன்று பூராவும் செல்வராஜும் நானும் மோட்டாரைத் தலைகீழாக நிறுத்தி, புரொபெல்லரில் சேறு தேடினோம்.

சேறு இல்லை. பிளக்கை மாற்றினோம். தாங்கி மூடியில் காற்றுப் போகும் திருகைத் திறந்து பார்த்தோம், அது திறந்துதான் இருந்தது. மூடிப் பார்த்தோம், இன்னும் மோசமானது. எண்ணெயைக் கூட்டினோம், புகை வந்தது. குறைத்தோம், பயம் வந்தது. கீழ்ப்பிரிவு பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி மோட்டாரின் இரண்டு பக்கமும் பிழிந்தார். அதுவும் மற்ற வைத்தியங்களைவிட மோசமாக வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

கடைசியில் மோட்டாரைச் சாக்கில் சுற்றி ட்ராக்டரில் ஏற்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆட்டோ பழுது பார்க்கும் கருணா பாஸ். எங்கள் ஊர்ப் பக்கம் கைவேலை தெரிந்த எல்லாரும் பாஸ்தான். அவர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சொந்த மொழி. கார்புரேட்டரைக் கழற்றினார். பெற்றோல் பாயும் ஜெட் என்கிற ஊசித்துளையில் பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. ஊதினார், கழுவினார், ஒரு தண்ணீர் பீப்பாயில் மோட்டாரை இறக்கி, தன் போத்தலிலிருந்து பெற்றோல் கொடுத்து முடுக்கினார். பீப்பாய்த் தண்ணீர் பாதி ரோட்டுக்கு வந்தது. முழு வேகம், ஒரு விக்கல் கூட இல்லை.

"ஹரி, மாத்தயா. சொகமாயிட்டது. கொண்டு போங்க." 'சரி, ஐயா' என்பது மட்டும் அவர் வாயில் எப்போதும் 'ஹரி, மாத்தயா'தான்.

கொண்டுவந்தோம். எங்கள் தாங்கியை மாட்டி இரண்டு தரம் அக்கரை போய் வந்தோம். மூன்றாம் தரம் அமுங்கியது.

மறுபடி கடைத்தெரு. மறுபடி பழுப்பு. மறுபடி பீப்பாயில் சிங்கம், ஆற்றில் பூனை. மூன்றாவது முறை மோட்டாரை இறக்கியபோது கருணா பாஸ் என்னைப் பார்த்த பார்வை, நோய் மோட்டாருக்கா எனக்கா என்று நிதானிக்கிற பார்வை.

"ஆத்துக்கும் இதுக்கும் ஒத்துக்கலைங்க," என்றார் செல்வராஜ்.

நான் படித்தவன், அப்படியெல்லாம் பேச முடியாது. ஆகவே காரண காரியமாக யோசித்தேன். பாஸின் பெற்றோலில் ஓடுகிறது, எங்கள் பெற்றோலில் ஓடவில்லை. ஆக, எங்கள் பெற்றோல் கலப்படம். பெற்றோல் ஷெட்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதில் 'மனச்சாட்சி' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. பிறகு ருவன்வெல்லைக்கே ஆள் அனுப்பி வேறு பெற்றோல் வாங்கி ஊற்றினோம். அதுவும் அமுங்கியது. இரண்டு ஊரில் ஒரே கலப்படமா? இரவில் படுத்துக்கொண்டு அந்தச் சங்கிலியை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் தடவிப் பார்ப்பேன். எல்லாக் கண்ணியும் சரியாக இருக்கும், சங்கிலி மட்டும் இருக்காது.

இதற்கிடையில் அந்த மூட்டு மறுபடி கசியத் தொடங்கியிருந்தது. அது சின்ன விஷயம், நான் தளரவில்லை. ஒவ்வொரு தடவையும் புகைக்கூடத்துக்குப் போய், முந்தியதைவிடத் தடிப்பாக ஒரு வாசர் வெட்டி மாட்டினேன். குழப்பமான அந்த நாட்களில் எனக்கு நிச்சயமாகச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அது.

அதிகாரி ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. சனிக்கிழமை கருணா பாஸ் தானே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். மோட்டாரை இனிமேல் சாக்கில் சுற்றிக் கொண்டுவர வேண்டாம் என்று கெஞ்சவே வந்ததாகச் சொன்னார். பால் வெட்டி முடித்த பெண்கள் வாளிகளோடு கரையில் நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி லெட்சுமியக்கா. கட்டையான உருவம், கூர்மையான நாக்கு, தோட்டத்து மேனேஜர் துரையே அவரிடம் மரியாதையாகப் பேசுவார்.

"கிளாக்கரய்யா, நாளைக்கு இது ஓடலன்னா போட் போயிரும்ல? பழையபடி அஞ்சு மைலா? முட்டி தேஞ்சு போச்சுங்கய்யா."

"ஓடும் அக்கா," என்றேன். குரல் மோட்டார் மாதிரியே கம்மியது.

பாஸ் ஜெட்டைக் கழற்றி, அடைப்பை ஊசியால் எடுத்து விரலில் தேய்த்தார். "பெற்றோல் அழுக்கு இப்பிடி வராதே, மாத்தயா. இது என்ன சாமான்?"

லெட்சுமியக்கா வாளியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அந்தப் பழுப்பைத் தன் விரலுக்கு வாங்கி, கட்டை விரலோடு சேர்த்து அழுத்திப் பிரித்தார். இரண்டு விரலுக்கும் நடுவே மெல்லிய நூல் ஓடியது. முகர்ந்தார்.

"இது சொலுசன்ல?"

ரப்பர் தோட்டத்து லயங்களில் எல்லா வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கும். மரப்பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலையோ ஷீட் துண்டையோ பெற்றோலில் போட்டு ஊற வைத்தால் கரைந்து பசையாகும். சைக்கிள் டியூபிலிருந்து செருப்பு வரைக்கும் அதுதான் ஒட்டும். ரப்பர் பெற்றோலில் கரையும் என்பது அங்கே நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் சைக்கிளுக்கே ஒரு போத்தல் வைத்திருந்தேன், ஆபீஸ் மேசையின் கீழ் லாச்சியில்.

லெட்சுமியக்காவின் கண் குழாய் வழியாக மெதுவாக நகர்ந்து தாங்கிக்குப் போனது. "இந்த வாசரு எதுல வெட்டினதுங்கய்யா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். செல்வராஜ் ஆற்றைப் பார்த்தார். கருணா பாஸ் மூட்டைக் கழற்றினார். என் மூன்றாவது வாசர், பெரியது, தடித்தது, பாதி கரைந்த பனங்கட்டி மாதிரி இழுபட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"அனே, மாத்தயா," என்றார், ஐயோ பாவம் என்கிற மாதிரி. அதற்கு மேல் அவர் சொன்னது எல்லாம் சொந்த மொழி.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பெற்றோல் மூட்டிலிருந்து ஒரு வாசர் கழற்றி வந்து மாட்டினார். தாங்கியையும் குழாயையும் மூன்று தரம் கழுவினோம். மறுநாள் அதிகாரி கரையில் நின்று பார்க்க, நான் முழு வேகம் கொடுத்தேன். படகின் மூக்கு எழும்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். அதிகாரி கைகொடுத்து, தோட்டத்தில் இப்படித் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் இருப்பது ஆச்சரியம் என்றார். எனக்குப் பின்னால் லெட்சுமியக்கா இருமினார். போட் எங்களுக்கானது. பெற்றோல் ஷெட்காரருக்கு மட்டும் நான் மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. அவர் பக்கம் போக நேர்ந்தால் குடையைத் தாழ்த்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், காலையில் ஆபீசில் செக்ரோல் என்கிற ஆள்வரவுப் புத்தகத்தைத் திறக்கும்போது கீழே ஆற்றிலிருந்து அந்தச் சத்தம் ஏறிவரும். எழுந்து போய் ஜன்னலருகே நின்று கேட்பேன். உலகத்தில் ஏதோ ஒன்று என்னால் ஓடுகிறது என்று நினைப்பு.

இப்போது அங்கே கொங்கிரீட் பாலம். புகைக்கூடத்தைப் பிரித்துச் செங்கல்லைக் கொண்டுபோய்விட்டார்கள். மலையில் பாதிக்கு மேல் ரப்பரை வெட்டிவிட்டு வேறு ஏதோ நட்டிருக்கிறார்கள். கீழ்ப்பிரிவுப் பெண்கள் வேனில் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். கருணா பாஸின் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். படகு ஒரு வெள்ளத்தில் போனது, மோட்டார் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

அதை விசாரிக்கப்போய்த்தான் போன சித்திரைக்கு பஸ் நிலையத்தில் லெட்சுமியக்காவிடம் மாட்டிக்கொண்டேன். முடி முழுக்க நரை, நாக்குக்கு மட்டும் வயதாகவில்லை.

"அந்த மோட்டாரா? அந்த ஞாயித்துக்கெழமைக்குப் பொறவு அத யாருங்கய்யா ஓட்டுனா? இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வடக்கயிறு கட்டி, கையால இழுத்துக்கிட்டுத்தான் போவோம். நீங்க காலையில ஆபீஸ் ஜன்னலத் தொறக்குறது தெரிஞ்சா மட்டும் செல்வராசு அண்ணன் ரெண்டு இழுப்பு இழுத்து சத்தம் காட்டும். பாவம், கிளாக்கரய்யா மனசு நோவக் கூடாதுன்னுட்டு."

"ஏன் அக்கா? நல்லாத்தானே ஓடிச்சு?"

"ஓடிச்சு, யாரு இல்லைன்னா? அந்த எரச்சல்ல பொம்பளைங்க ஒரு வார்த்த பேசிக்க முடியுதாங்கய்யா?"