இடத்தில் இல்லாத மருந்து

மருந்துக் கடையில் நின்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: எதிரே நிற்பவருக்கு எப்போதும் அவசரம், நமக்கு எப்போதும் பயம். எண்பதுகளில் கே.கே. நகரில், ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் நான் அப்படிப் பயந்து பிழைத்தவன்.

நடுவில் கை வை

சுவர் முழுக்க மரத் தட்டுகள். மருந்துகள் ஆங்கில எழுத்து வரிசையில் இருக்கும். ஒரு தட்டு முடிந்த எழுத்திலிருந்து அதற்குக் கீழ்த்தட்டு தொடங்கும். முதல் நாள் ஒருவர் ‘எஸ்’ஸில் தொடங்கும் மாத்திரை கேட்டார். நான் ‘ஏ’யிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதலாளி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். நடுத்தட்டின் முதல் பெட்டியைப் பார்க்க வேண்டும். கேட்டது அதற்குப் பிந்தியது என்றால் மேல்தட்டுகளை மறந்துவிடலாம். மிச்சத்தில் மறுபடி நடு. தட்டு கிடைத்தபின் அதற்குள்ளும் அப்படியே. செய்து காட்டிவிட்டுச் சொன்னார்: “நீ ஏபிசிடி படிச்சு முடிக்கிறதுக்குள்ள சீக்காளி போய்ச் சேந்துருவாருப்பா.”

மச்சினர் கைவண்ணம்

ஆயுத பூஜைக்காகத் தட்டுகளைக் காலி செய்து துடைத்தோம். நான் பொரிகடலை வாங்கி வருவதற்குள் முதலாளியின் மச்சினர் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிவிட்டார், பெட்டியின் உயரப்படி! பொழுது சாயும்வரை பிரித்து மறுபடி எழுத்து வரிசையில் அடுக்கினேன். மச்சினர் பொரியை மென்றபடி கேட்டார்: “இம்புட்டு அழகா வச்சிருக்கேன், ஏன் மாப்ள கலைக்கிற?”

அந்த வாரமே

பேரையூர்க்காரர் ஒருவர் சீட்டோடு ஓடி வந்தார். எதிர் ஆஸ்பத்திரியில் அவர் மகளுக்கு வலிப்பு நிற்கவில்லை. உடனே ஊசி மருந்து வேண்டும். நடுத்தட்டு, அதற்குக் கீழே, அதன் நடு. இருக்கவேண்டிய இடத்தில் மருந்து இல்லை. இடத்தில் இல்லையென்றால் கடையில் இல்லை. அதுதான் எங்கள் கணக்கு. “இல்லண்ணே” என்றேன். அவர் வேறு கடை தேடி ஓடினார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் மச்சினர் ஞாபகம் வந்தது. அவர் அடுக்கியதில் ஏதாவது என் கைக்குத் தப்பியிருக்குமோ? எல்லாப் பெட்டிகளையும் இழுத்துப் போட்டேன். ஒரு வைட்டமின் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது அது. எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட்டார்கள். உடம்பு துடிப்பது அடங்கி அந்தப் பிள்ளை தூங்கும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை.

வெறுங்கையோடு திரும்பிய அப்பன் மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க இல்லேன்னதும், எம்மவளே இல்லேன்னு நெனச்சுத்தாண்ணே ஓடுனேன்.”

சீக்கிரமாகத் தேட எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது; தைரியமாக ‘இல்லை’ என்று சொல்லத்தான் வேலையை விடும்வரை வரவே இல்லை.