சுண்ணாம்புக் குட்டையின் மட்டிகள்

எங்கள் வீட்டில் எல்லாமே வெள்ளை. முருங்கை இலை வெள்ளை, கொடியில் காயும் பாவாடை வெள்ளை, வேலை விட்டு வரும் அப்பாவின் புருவம் வெள்ளை. ரெட்டிபாளையத்துச் சிமென்ட் ஆலையின் தூசு அப்படி. காக்கை வந்து உட்கார்ந்தாலும் கொஞ்சம் கிழடு தட்டித்தான் பறந்து போகும். அதனால் அந்த வருஷம் அம்மாவும் வெளுக்கத் தொடங்கியபோது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தூசு என்று நினைத்துக்கொண்டேன்.

அரியலூர் ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு நானும் போனேன். டாக்டரம்மா அம்மாவின் கண்ணுக்குக் கீழே விரல் வைத்து இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லியேம்மா. அஞ்சு மாசம் ஆச்சு. இப்படியே போனா பிரசவத்துல நீயும் தாங்க மாட்டே, புள்ளையும் தாங்காது." கொடுத்த மாத்திரைகளை அம்மா வாந்தி எடுத்தாள். அப்பா வாங்கி வந்த ஈரலையும் எடுத்தாள். அடுத்த முறை போனபோது டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "பொறந்த ஊரு எது?" என்றார்.

"திருமானூர்ப் பக்கம்ங்க. கொள்ளிடக்கரை."

"அப்ப மட்டி தின்ன ஒடம்புதானே? அதுல இருக்கற இரும்பு இந்த மாத்திரைக்குக் கொறஞ்சதில்ல. நல்லா வேக வச்சு சாறோட குடி."

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, உடனே அணைந்தது. இரண்டையும் பார்த்தேன். இரண்டாவதுக்குக் காரணம் எனக்குத் தெரியும்.

அம்மா பிறந்த வீட்டிலும் சரி, அப்பா பிறந்த வீட்டிலும் சரி, அடுத்தவர் வயலில் இறங்கித்தான் சோறு. வயலில் வேலை இல்லாத மாதங்களில் ஆறு சோறு போட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று குதிகாலால் மணலைத் துழாவினால் கறுப்பு ஓட்டோடு மட்டி தட்டுப்படும். அப்புறம் அப்பாவுக்கு ஆலையில் பிட்டர் வேலை கிடைத்தது. லைன் வீடு கிடைத்தது. கல்யாணமான புதிதில், குழாயடியில் யாரோ ஒருத்தி, "மட்டி திங்கிற வூட்டுக் குடம் எங்க குடத்தைத் தொடக் கூடாது" என்றாளாம். அன்றோடு அப்பா சட்டம் போட்டுவிட்டார்: அந்த வாடை இனி இந்த வீட்டில் வரக் கூடாது. அப்பா போட்ட சட்டத்தை அப்பாவாலும் எடுக்க முடியாது. அவர் அப்படிப்பட்டவர்.

மாமா வேறு மாதிரி. அம்மாவுக்குத் தம்பி, இருபத்திரண்டு வயது, மாதத்துக்கு ஒரு திட்டம். அதற்கு முந்தின திட்டம் முயல் வளர்ப்பு. முயல்கள் ஒரே ராத்திரியில் பக்கத்து வீட்டு வேலியைக் கடித்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டன. அக்காவின் சங்கதி கேள்விப்பட்டதும் அடுத்த சனிக்கிழமையே ஈரச் சாக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வழியெல்லாம் கண்டக்டரோடு தகராறாம்.

"யோவ், சாக்குல என்ன, பொணத்தையா ஏத்திட்டு வர்ற?"

"உசுரோடதான் இருக்குங்க சார். வேணும்னா எண்ணிப் பாத்து டிக்கெட் போட்டுக்குங்க."

வீட்டில் வைக்க முடியாது. எங்கள் லைனுக்குப் பின்னால், வேலை நின்றுபோன பழைய குவாரிப் பள்ளம் ஒன்று மழைத் தண்ணீர் தேங்கிக் குட்டையாகக் கிடந்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் நிற்கும் தண்ணீர், பால் கலந்த மாதிரி. அதன் ஓரத்தில் மூன்று மூங்கில் கூடைகளைக் கயிறு கட்டி இறக்கி, மட்டிகளை அதில் போட்டார் மாமா. ஒரு வாளி சாணியைக் கரைத்து ஊற்றினார். தண்ணீர் பச்சையானால் அதுதான் மட்டிக்குத் தீனி என்றார்.

"சுண்ணாம்புத் தண்ணி, குட்டி. ஓடு கல்லாட்டம் வளரும். ஆறே மாசம், இது பண்ணை. நீதான் மேனேஜர்."

மேனேஜரின் வேலை, வாரம் ஒருமுறை, அப்பாவுக்குப் பகல் ஷிப்டு உள்ள நாளாகப் பார்த்து, இருபது மட்டிகளைப் புத்தகப் பையில் போட்டு வருவது. அம்மா அவற்றை நல்ல தண்ணீரில் போட்டு, மூன்று முறை தண்ணீர் மாற்றி, சேற்றைக் கக்க வைப்பாள். மறுநாள் வேக வைப்பாள். கொதியில் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். திறக்காதது செத்த மட்டி, அதை எறிந்துவிட வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு. முதல் நாள் சாற்றைக் குடித்துவிட்டு நெஞ்சில் கை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள் அம்மா. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். வாந்தி வரவில்லை. பிறகு வாடை போக வீடெங்கும் சாம்பிராணி போட்டாள்.

ஆனால் கூடைகள் வற்றிக்கொண்டே வந்தன. எண்ணிப் பார்த்தேன், இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் வரும். மாமாவோ நடவு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் குவாரி வெட்டும் இடமெல்லாம் கல் மட்டி கிடக்கும். வரி வரியாக, இரண்டு ஓடும் மூடி, அச்சு அசலாக மட்டியே, ஆனால் கல். எந்தக் காலத்திலோ கடல் இருந்தபோது வாழ்ந்தவை என்று வாத்தியார் சொல்லியிருந்தார். தண்ணீர் இல்லாமல்தானே கல்லாகிப் போயின? தண்ணீரில் ஊறப் போட்டால்? பத்துப் பன்னிரண்டு பொறுக்கிக் கூடைகளில் போட்டுவிட்டு, கூடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சட்டியில் எல்லாம் வாய் திறந்தன, ஒன்றைத் தவிர. அம்மா அதைக் கரண்டியால் எடுத்து, சந்தேகப்பட்டு, கத்தி முனையால் நெம்பினாள். கத்தி முனை உடைந்தது. அதைக் கையில் எடுத்து எடை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அத்தனை மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பில், வாசலில் சைக்கிள் நின்ற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. ஆலையில் கரண்ட் நின்றுபோய், அப்பா பாதி ஷிப்டிலேயே திரும்பியிருந்தார்.

அம்மா சட்டியை மூடினாள். சாம்பிராணியை அள்ளி நெருப்பில் போட்டாள். கல்லைப் பறித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"செவ்வாக்கெழம மத்தியானத்துல எதுக்கு சாம்பிராணி?" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பினார். "கையில என்ன? காட்டு."

காட்டினேன். அது இன்னும் சுட்டது. அப்பா வாங்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்க கெடந்துச்சு?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உண்மை முழுவதும் வந்து விழுந்தது: பழைய குவாரிக் குட்டை, மாமாவின் கூடை, மட்டி தீர்ந்துகொண்டிருப்பது, ஊறப் போட்டால் உசுரு வந்துடும் என்று நான் நினைத்தது. அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பார்த்த மாதிரி, கண்ணுக்குக் கீழே. பிறகு என்னிடம் கேட்டார்:

"வந்துச்சா உசுரு?"

"இல்லப்பா."

கல்லை ரேடியோப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இடி விழும் என்று அன்றெல்லாம் காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். விழவில்லை.

விழுந்தது வேறு அதிசயம். அடுத்த வாரம் கயிற்றை இழுத்தேன், கூடை கனத்தது. மூன்று கூடையும் நிறைய மட்டி, கறுப்பாக, கொழுத்து. நடவு முடிந்து வந்த மாமா குட்டைக்கரையில் குதித்தார். "குட்டி போட்டுருச்சு பாத்தியா! ஒரே வாரத்துல இந்த சைசு! எல்லாம் சுண்ணாம்பு செய்யிற வேல." எடுக்க எடுக்கக் குறையவில்லை. அம்மாவின் உதட்டில் நிறம் ஏறியது. அப்பா மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. ஒன்றே ஒன்று மாறியிருந்தது: வார விடுமுறை நாளில் விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டம் என்று போய்விடுவார், பொழுது சாயத்தான் வருவார். தொழிலாளர் பிரச்சினை அவ்வளவு இருக்கிறதே என்று வருத்தப்பட்டேன்.

மாமா நான்கு மட்டிகளைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்குப் போய், மீன் வளர்ப்பு பற்றித் தெரிந்த ஒரு அதிகாரியைப் பார்த்துவிட்டு, முகம் சிவக்கத் திரும்பினார்.

"என்னடா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"குட்டையில மீன் இருக்கான்னு கேட்டாருக்கா. இல்லைன்னேன். அப்ப மட்டி பெருகாது, போய்யான்னு சிரிக்கிறாரு. மட்டி வளக்கறவன்கிட்ட மீனைப் பத்திக் கேக்கறாரு. படிச்சு என்ன பிரயோசனம்?"

பிரசவம் அரியலூர் ஆஸ்பத்திரியிலேயே ஆயிற்று. தங்கை. அம்மா தாங்கினாள். டாக்டரம்மா மறுபடி இமையை இழுத்துப் பார்த்து, "பரவால்லியே" என்றாராம். அம்மா எழுந்து நடமாடி, மாத்திரையும் கறியும் ஒத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு, கூடைகள் மெல்லக் காலியாயின, திரும்ப நிறையவில்லை. குவாரியில் வைக்கும் வெடி அதிர்ச்சியில் மட்டி மலடாகிவிட்டது என்று மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் அவர் காளானுக்கு மாறியிருந்தார்.

என் மகளின் பாடத்துக்காக எதையோ புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் படித்தேன். மட்டிக் குஞ்சு பிறந்ததும் ஒரு மீனைத் தேடி அதன் செவுளைப் பிடித்துத் தொங்க வேண்டும், சில வாரங்கள். அப்படித் தொற்றிக்கொள்ள மீன் கிடைக்காத குஞ்சு பிழைக்காது. எங்கள் குட்டையில் ஒரு அயிரை மீன்கூட இருந்ததில்லை. புத்தகத்தை மூடிவைத்தேன். கேட்கலாம் என்றால் அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. கல் மட்டி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எல்லாம் வெள்ளையாக இருந்த அந்த ஊரில் ஒரு பொருள் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாள் காலையில், அப்பாவின் சைக்கிள் மட்கார்டுக்குள் பழுப்பாக, மினுமினுவென்று மணல் ஒட்டியிருக்கும். அதை விரலால் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கூடைகளில் தூவுவேன், மட்டிகளுக்கு ஆற்று நினைவு வரட்டும் என்று. அது கொள்ளிடத்து மணல் என்று தொட்டதும் எனக்குத் தெரியும். எப்படி வந்தது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.