வெளிநாட்டுக் கோர்ட்டும் என் வீட்டு ஃப்ரிட்ஜும்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச நடுவர் மன்றம் என்றால், ஒரு வெள்ளைக்கார கோர்ட் அமீனா என் வாசலில் வந்து நின்று ஃப்ரிட்ஜை ஜப்தி செய்வார் என்றுதான் நம்பினேன்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

புதுவாயலிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆலை. அதன் கழிவுநீர் ஏரியில் கலக்கிறது, நெற்பயிர் கருகுகிறது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டோம். முதல் கையெழுத்து யாருடையது? பத்திரிகையில் எழுதுகிற ஆள் என்று என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். நானும் போட்டோவுக்குச் சிரித்தபடியே போட்டேன். அதிகாரிகள் வந்தார்கள், ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள், ஆலைக்குத் தடை விழுந்தது. டீக்கடையில் கொஞ்ச நாள் நான்தான் ஹீரோ.

அப்புறம் டிவியில் அந்தச் செய்தி. தடையால் நஷ்டமாம்... இந்திய அரசிடம் இழப்பீடு கேட்டு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போகிறதாம் கம்பெனி.

அரசு ஏன் தடை போட்டது? தீர்மானத்தால். தீர்மானத்தில் முதல் பெயர் யாருடையது? என்னுடையது.

எங்கள் பக்கத்தில் ஜப்தி என்றால் ஒரே வைத்தியம்தான் — அமீனா வருவதற்குள் சாமான்களை மச்சான் வீட்டுக்கு ஏற்றிவிடுவது. மறுநாள் காலையிலேயே ஒரு குட்டியானை வண்டியை வரவழைத்தேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி... வரிசையாக ஏறின.

"இன்னாய்யா, ஊட்ட காலி பண்றியா?" என்றாள் என் மனைவி மல்லிகா.

"வெளிநாட்டு கோர்ட்லேர்ந்து ஜப்திக்கு வரப்போறானுங்கடி!"

"அவன் ஏரோப்ளேன் ஏறி வந்து என் கிரைண்டர தூக்கினு போவானா? உள்ள மாவு கீது. வழிச்சிட்டுக் குடுக்கட்டா, இல்ல அப்டியே தூக்கினு போறானான்னு கேட்டுச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு கோதண்டம் வந்தார். ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் முதலில் பாய்வது அவர் வயலில்தான். கருகியதும் முதலில் அவர் பயிர்தான்.

"இன்னா நைனா, காலங்காத்தால ஊர்வலம்?"

யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு நான் மைக்கே வைத்துப் பேசியிருக்கலாம். மறுநாள் எங்கள் ஊரில் குட்டியானைக்கு ஏக டிமாண்ட்.

பொன்னேரியில் எனக்கு ஒரு வக்கீல் நண்பர் உண்டு. போன் போட்டதும் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ், உன் பழைய ஃப்ரிட்ஜ வெச்சினு அவன் இன்னாய்யா பண்ணுவான்? அவன் கண்ணு கவர்மென்ட் கஜானா மேல கீது."

பிறகு விளக்கினார். இரண்டு நாடுகள் எப்போதோ ஒரு முதலீட்டு ஒப்பந்தம் போட்டிருக்கும். அந்த நாட்டுக் கம்பெனிக்கு நம் அரசின் உத்தரவால் நஷ்டம் என்றால், அது நம்மூர் கோர்ட்டுக்கு வர வேண்டியதில்லை. மூன்று நடுவர்கள் போதும். ஒருவரைக் கம்பெனி பிடிக்கும், ஒருவரை அரசு பிடிக்கும், மூன்றாமவரைப் பேசி முடிவு செய்வார்கள். இன்றைக்கு நடுவராக இருப்பவர் நாளைக்கே இன்னொரு கம்பெனிக்கு வக்கீலாகவும் நிற்கலாம். விசாரணை பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால்.

"அந்த ரூம்ல எங்க கோதண்டத்துக்கு ஒரு சேர் போடுவாங்களா?"

"டீ குடுக்கக்கூட உள்ள வுட மாட்டாங்க."

பயம் இறங்கியது. அந்த இடத்தில் சந்தேகம் ஏறி உட்கார்ந்தது. கெட்டது எங்கள் ஏரி. இழப்பீடு கொடுத்தால் அதுவும் எங்கள் வரிப்பணம். பேச்சு மட்டும் ஏதோ ஒரு நாட்டில், ஏசி அறையில்... எங்களுக்குத் தெரியாமல். நியாயமான பேச்சு என்றால் கதவை ஏனய்யா சாத்துகிறீர்கள்?

ஃப்ரிட்ஜைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஜப்தி எல்லாம் கிடையாது என்று தெருத்தெருவாகச் சொன்னேன். யார் நம்புவார்கள்?

அடுத்த கிராம சபை வந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டும்வரை தடை நீடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டும். கோதண்டம் நாற்று விடாமல் அதற்காகத்தான் காத்திருந்தார். ஷாமியானா போட்டாயிற்று, மைக் தயார். தலைவர், செயலாளர், நான், கோதண்டம்... அப்புறம் காலி நாற்காலிகள்.

"எல்லாரையும் கூப்ட்டியா?" என்று கோதண்டத்திடம் கேட்டேன்.

"ஊடு ஊடா போய் கூப்ட்டேன் நைனா. மொத கையெழுத்து போட்ட ஆளே சாமான ஏத்தினு ஓடறாரு, நாங்க எம்மாத்திரம்ன்றாங்க." காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன்ன சொல்லி குத்தமில்ல. பயம் வந்தா அப்டித்தான்."

திட்டியிருந்தால் தேவலை. போதிய ஆள் இல்லை என்று கூட்டம் கலைந்தது.

என் பயத்தையாவது மன்னித்துவிடலாம் — நான் கோமாளி. ஆனால் ராணுவமும் ராக்கெட்டும் வைத்திருக்கிற அரசாங்கம்? கிராமத்தின் ஆட்சேபம் இப்போது எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதி, சத்தமில்லாமல் தடையை விலக்கிக்கொண்டது. சுத்திகரிப்பு நிலையத்தைக் கம்பெனி மெதுவாகக் கட்டிக்கொள்ளலாமாம்.

வக்கீலுக்கு மறுபடி போன் போட்டேன். "கேஸ்ல யாருய்யா ஜெயிச்சாங்க?"

"எந்தக் கேஸு? கேஸ் போடப்போறோம்னு ஒரு நோட்டீஸ் வுட்டாங்க. அவ்ளோதான்."

ஆலை ஓடுகிறது. கோதண்டம் இந்தப் போகம் நடவு நடவில்லை. கேஸ் இன்றுவரை போடப்படவே இல்லை.